பெடிக்ரிக்குத் தமிழில் என்ன? "வம்சாவளி" எல்லா இடத்திலும் உட்கார மாட்டேன் என்கிறது

அரைப்பக்கம் கேட்டது:

பல துறைக் கட்டுரைகள் அடங்கிய ஓர் ஆங்கிலத் தொகுப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பெடிக்ரி என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. முதல் வரைவில் அதிகம் யோசிக்காமல் ஐந்துக்கும் வம்சாவளி என்று போட்டு அனுப்பினேன். மெய்ப்புப் பார்ப்பவர் ஐந்தையும் சிவப்பில் சுழித்துத் திருப்பிவிட்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் "மருந்துக்கு ஏதப்பா வம்சம்?" என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். வாக்கியங்கள் ஏறக்குறைய இப்படி: நாய்க்குட்டி வாங்குவது பற்றிய கட்டுரையில், "பெடிக்ரி இருக்கிறதா என்று கேளுங்கள்." மரபியல் கட்டுரையில், மூன்று தலைமுறைப் பெடிக்ரியை வரைந்த பிறகுதான் நோய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்ததாம். ஓர் ஆய்வாளரைப் பற்றிய அறிமுகத்தில் "அசத்தலான கல்விப் பெடிக்ரி". தத்துவக் கட்டுரையில் "இந்தக் கருத்துக்கு நீண்ட பெடிக்ரி உண்டு". கடைசியில் அந்த மருந்து வாக்கியம், மொத்த வியாபாரி பெட்டியோடு சேர்த்துப் பெடிக்ரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானதே நாய்த்தீனிப் பையில்தான். அப்புறம் மல்யுத்த நிகழ்ச்சியில் டிரிபிள் எச் எதிராளியின் இரண்டு கைகளையும் பின்னால் மடக்கிப் பிடித்து முகத்தைத் தரையில் மோதவைப்பாரே, அந்தப் பிடிக்கும் இதே பெயர். நாய்த்தீனி, மல்யுத்தம், நோய், தத்துவம், இதற்கெல்லாம் பொதுவாக அப்படி என்னதான் இருக்கிறது? அகராதியைத் திறந்தால் மரபு, குலம், வம்சம், பரம்பரை என்று ஒரு கூடைச் சொற்களைக் கொட்டுகிறது, எதை எங்கே எடுப்பது என்றுதான் சொல்லமாட்டேன் என்கிறது.

வேர்க்கால் எழுதியது:

கொக்குக் காலிலிருந்து ஆரம்பிக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய பிரெஞ்சில் "பியே த க்ரு" என்றால் கொக்கின் கால், அதுதான் தேய்ந்து பெடிக்ரி ஆனது. ஈரமண்ணில் பறவை நடந்துபோன தடத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் விரியும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் குடும்ப வரிசையை எழுதியவர்கள் தகப்பன் பெயருக்குக் கீழே பிள்ளைகளைக் காட்ட அதே மாதிரிதான் கோடு இழுத்தார்கள். கோட்டின் பெயர் படத்துக்கு ஆயிற்று, படத்தின் பெயர் அது காட்டும் வம்சத்துக்கு ஆயிற்று, அப்புறம் எவன் இவ்வளவு சிரமப்பட்டுப் படம் எழுதிவைப்பான், பெரிய குடும்பத்துக்காரன்தானே, அதனால் பெடிக்ரி என்றாலே "நல்ல வம்சம்" என்ற வாசனையும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு இது 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முதலில் மனிதர்களுக்கு, விலங்குகளுக்குப் பிறகுதான்.

(பறவை ஆட்கள் வந்து கொக்கா நாரையா என்று பிடித்துக்கொள்வதற்குள் சொல்லிவிடுகிறேன், பளு தூக்கும் கிரேன் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே நீள்கழுத்துப் பறவைதான் இது. டிகிரியோடு முடிச்சுப்போட்டு ஒரு விளக்கம் சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். டிகிரி என்பது படியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெடல், பெடஸ்ட்ரியன் போன்றவைதான் இதற்கு உண்மையான உறவுக்காரர்கள், எல்லாமே கால்.)

இனி நம் பக்கம் பாருங்கள். தமிழில் வம்சத்துக்குப் பழைய சொல் கால்வழி. அங்கேயும் கால், இங்கேயும் கால்! நம் கால் பாதமா, வாய்க்காலில் வரும் காலா என்று யாராவது கேட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன், இரண்டுமே பிரிந்து பிரிந்து போகிறவைதான். இன்னொன்று கொடிவழி, அது இன்னும் கண்ணுக்குத் தெரிகிற சொல். படமாக வரும் இடத்தில் கொடிவழிப்படம், வம்சம் என்ற பொருளில் வரும் இடத்தில் கால்வழி என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பது என் எண்ணம்.

மல்யுத்தப் பிடிக்கும் காரணம் இருக்கிறது. டிரிபிள் எச் மேடைக்கு வந்த புதிதில் ஏற்றிருந்த வேடம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் பணக்காரப் பெரிய வீட்டுப்பிள்ளை. அந்தத் திமிருக்கு ஏற்ற பெயர்.

வார்க்கயிறு எழுதியது:

சொல்வரலாறு ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாய் வாக்கியத்தில் கால்வழி என்று போட்டால் வாசகனுக்கு விஷயம் போய்ச் சேராது. நாய் வளர்க்கிறவர்களிடம் பெடிக்ரி இருக்கிறதா என்று கேட்டால் உயர்ந்த இனமா என்று கேட்பதாக வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள், உண்மையில் கேட்பது காகிதம் இருக்கிறதா என்று.

என்னிடம் இப்போதிருக்கும் லாப்ரடாரின் தாளை விரித்தால் இடது ஓரத்தில் அவன் பெயர், அதிலிருந்து இரண்டு கிளை, மேலே அப்பன், கீழே அம்மா, அடுத்த பத்தியில் நான்கு பெயர், அதற்கடுத்து எட்டு. மூன்று தலைமுறைக்கு ஆகமொத்தம் 14 பெயர். ஐந்து தலைமுறைத் தாள் என்றால் 62, எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். இவனுக்கு முன்னால் இருந்தவளும் பார்க்க அசல் லாப்ரடார்தான், அதே துடுப்பு வால், அதே தீனிப் பைத்தியம். தாள் கிடையாது. அதற்காக அவளுக்குத் தாத்தா பாட்டி இல்லாமல் போய்விடவில்லை, யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே அவள் இனத்தில் சுத்தமானவளாகவே இருந்திருக்கலாம், பெடிக்ரி மட்டும் இல்லை.

இந்த எழுதிவைக்கும் பழக்கம் குதிரைகளிடமிருந்து வந்தது என்று சொல்லலாம். பந்தயக் குதிரைகளுக்கான ஜெனரல் ஸ்டட் புக் என்ற வம்சப் பதிவேடு இங்கிலாந்தில் முதலில் வெளிவந்தது 1791-இல். நாய்களுக்கு அங்கே கென்னல் கிளப் என்ற அமைப்பு வந்தது 1873-இல்தான். தரோபிரெட் என்ற அந்தப் பந்தயக் குதிரை இனத்தின் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்றே குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும், அதிலும் மிகப் பெரும்பான்மை டார்லி அரேபியனில். அவர்களிடம் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. தாய் ஒன்றாக இருந்தால்தான் அரைச் சகோதரன் என்பார்கள். தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்தால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் பெயர்பெற்ற ஓர் ஆண் குதிரைக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் இருக்கும், எல்லோரையும் சகோதரன் என்று சொல்ல ஆரம்பித்தால் மைதானம் முழுக்க ஒரே குடும்பமாகிவிடும்.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், கட்டுரையில் இருக்கிறதோ என்னவோ. தாள் சுத்தமாக இருந்தால் நாய் ஆரோக்கியமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு அந்தத் தாளில் தெரியாது, அதற்கு எக்ஸ்ரேதான் எடுக்க வேண்டும். தாள் சொல்வது யாருக்கு யார் பிறந்தார்கள் என்பதை மட்டும். உங்கள் வாக்கியத்துக்கு "வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று சான்றிதழைச் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

சும்மாவந்தேன் எழுதியது:

பேச்சில் "ஜாதி நாய்" என்றுதானே எல்லோரும் சொல்கிறோம், அதையே போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை பாடு?

ஒற்றெழுத்து எழுதியது:

@சும்மாவந்தேன், பேச்சில் சொல்கிறோம் என்பது உண்மை. கதையில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் நானும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் கட்டுரையாசிரியர் தன் குரலில் சொல்லும் இடத்தில் அதைப் போட்டால் மூலத்தில் இல்லாத ஒன்றை நாம் உள்ளே நுழைக்கிறோம். வார்க்கயிறு சொன்னதைப் பாருங்கள், ஆங்கிலத்தில் அது பதிவு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. தமிழில் ஜாதி என்றதும் மேல் கீழ் வந்துவிடுகிறது. உயர்குல நாய், நற்குடி நாய் என்றெல்லாம் எழுதப்பட்ட மொழிபெயர்ப்புகளைத் திருத்தியிருக்கிறேன், நாய்க்கே சிரிப்பு வரும்.

கருத்து வாக்கியத்துக்குப் பெயர்ச்சொல்லே தேடாதீர்கள் என்பேன். "இந்தக் கருத்துக்கு நீண்ட பெடிக்ரி உண்டு" என்பதற்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு வாக்கியம் இருக்கிறது: "இந்தக் கருத்து இன்று நேற்று முளைத்ததல்ல." முடிந்தது. இதுவே சந்தேகத்துக்குரிய பெடிக்ரி என்று வந்தால், உதாரணமாக யார் சொன்னதென்றே தெரியாமல் சுற்றும் ஒரு மேற்கோளைப் பற்றி, அங்கே நதிமூலம் ரிஷிமூலம் நன்றாக வேலை செய்யும். "இந்த மேற்கோளின் நதிமூலத்தைத் தேடிப்போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்பது மாதிரி. தேடக்கூடாது என்று நம்மவர்கள் சொன்னதே தேடினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துதான்.

நாற்றங்கால் எழுதியது:

நாய் குதிரையோடு நிறுத்திவிட்டீர்கள், செடிக்கும் பெடிக்ரி உண்டு ஐயா. பயிர்ப் பெருக்கத்தில் பெடிக்ரி முறை என்றே ஒரு தேர்வுமுறை இருக்கிறது. இரண்டு ரகங்களைக் கலந்து, இரண்டாம் தலைமுறையில் நல்ல செடிகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையில் விதைத்து, எது எதன் பிள்ளை என்று கடைசித் தலைமுறை வரைக்கும் நோட்டில் குறித்துக்கொண்டே போவது. கலப்பதைவிட நோட்டுப் போடுவதில்தான் உயிர் போகும்.

பிரபலமான உதாரணம் ஐஆர் 8 நெல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்டது. அதன் முழுப் பெயர் ஐஆர்8-288-3. இது ஏதோ தொழிற்சாலை எண் இல்லை, அந்தப் பெயரே அதன் பெடிக்ரிதான்: 8-ஆம் கலப்பு, 288-ஆம் வரிசை, அந்த வரிசையில் 3-ஆம் செடி. தாய் பீட்டா என்ற உயரமான இந்தோனேசிய ரகம், தந்தை டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை ரகம். எழுதும்போது பீட்டா, ஒரு சாய்கோடு, அப்புறம் டீ-ஜியோ-வூ-ஜென் என்று எழுதுவோம், தாய்தான் முதலில். வார்க்கயிறின் தாளில் அப்பன் மேலே அம்மா கீழே, எங்கள் நோட்டில் அம்மா முன்னே அப்பன் பின்னே. இந்த ஒரு விஷயத்திலாவது நெல் முந்திவிட்டது.

நாங்கள் தமிழில் எழுதினால் "கலப்பு வரலாறு" என்றோ வெறுமனே "பெற்றோர் ரகங்கள்" என்றோ எழுதுவோம். வம்சாவளி என்று நெல்லுக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

சதுரவட்டம் எழுதியது:

மரபியல் வாக்கியத்துக்கு வருகிறேன், இது என் அன்றாட வேலை. இங்கே பெடிக்ரி என்றால் படம், வேறொன்றும் இல்லை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு படுகோடு, அதிலிருந்து கீழே இறங்கிப் பிள்ளைகள். நோய் உள்ளவரின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்புவோம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, யாரிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தோமோ அவருக்கு ஓர் அம்புக்குறி. தலைமுறைகளுக்கு ரோமன் எண். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் படுகோடு இரட்டைக் கோடாகும்.

எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுக் கேட்டுப் பென்சிலில் வரையும்போதுதான் இதன் அருமை தெரியும். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மாவின் தம்பி என்று ஒரு சதுரம் போட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "அவன் சின்ன வயதிலேயே போய்விட்டான், அடிபட்டு ரத்தம் நிற்கவே இல்லையாம்" என்பார்கள். பென்சில் அப்படியே நின்றுவிடும்.

ரத்தம் உறையாத ஹீமோபீலியாவுக்குப் பாடப்புத்தகங்களில் வரும் படம் விக்டோரியா மகாராணியுடையது. அவருக்கு முந்தைய தலைமுறைகளில் அந்த நோய் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் மகன் லியோபோல்டுக்கு இருந்தது, 1884-இல் கீழே விழுந்து அடிபட்டு இறந்தார். மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் நோய் இல்லாமலே அதைச் சுமந்து அடுத்த வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆலிஸின் மகள் அலெக்சாண்ட்ரா ரஷ்யாவுக்கு மருமகளாகப் போனார், 1904-இல் பிறந்த அவர் மகன் அலெக்சேயிடம் நோய் வெளியே வந்தது. படத்தில் பார்த்தால் கறுப்புச் சதுரங்கள் மட்டும்தான், கறுப்பு வட்டமே இருக்காது, நடுவில் இருக்கும் பெண்களுக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் வைப்போம். எந்த வகை ஹீமோபீலியா என்பது 2009-இல்தான் டிஎன்ஏ ஆய்வில் உறுதியானது, பி வகை. நோய் எந்த மாதிரி கடத்தப்படுகிறது என்பதைப் படம் அதற்கு வெகுமுன்பே காட்டிவிட்டிருந்தது.

வேர்க்காலின் கொக்குக்கால் விரிந்துகொண்டேதான் போகும் என்பதும் இல்லை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் சார்லஸின் அப்பா தன் சொந்த அக்காதங்கை மகளையே மணந்தவர். அதனால் சார்லஸுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியே அத்தையும் ஆகிறார். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இதே கதைதான், படத்தை வரைந்தால் கோடுகள் விரிவதற்குப் பதில் திரும்பத் திரும்ப ஒன்றுசேரும். பல தலைமுறை உறவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் அவருடைய உட்கலப்புக் கெழு, அதாவது ஒரே முன்னோரின் மரபணு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு, 0.254 என்றார்கள், உடன்பிறந்தவர்களுக்குள் பிறக்கும் குழந்தைக்கே 0.25-தான். நோயாளியாகவே வாழ்ந்து 1700-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார், வாரிசுச் சண்டை பெரும் போராக வெடித்தது. ஐரோப்பாவிலேயே பெடிக்ரி இவ்வளவு கவனமாக எழுதிவைக்கப்பட்ட குடும்பங்கள் அதிகமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழுக்கு: கொடிவழிப்படம் எனக்குப் பிடித்திருக்கிறது. "குடும்ப மரம்" என்று மட்டும் போடாதீர்கள், அது பொழுதுபோக்குக்காக வரைவது, இதில் நோய்க்குறி இருக்க வேண்டும். முதல் தடவை "நோய்க் கொடிவழிப்படம்" என்று விரித்துவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

அரைப்பக்கம் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நாய்க்கு வம்சாவளிச் சான்றிதழ், மரபியலுக்குக் கொடிவழிப்படம், கருத்துக்கு "இன்று நேற்று முளைத்ததல்ல". மூன்றும் முடிந்தது. மருந்தும் கல்வியும் பாக்கி. மருந்தில் வம்சமே இல்லையே, அங்கே ஏன் இந்தச் சொல்?

ஒற்றெழுத்து எழுதியது:

அங்கேயும் காகிதம்தான். அமெரிக்காவில் போலி மருந்துகள் நடுவில் நுழைவதைத் தடுக்க 1988-இல் கையெழுத்தான சட்டத்தில், ஒரு மருந்து அதற்கு முன் யார் யார் கை மாறி வந்தது என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த விவரத்தாளுக்குத்தான் பெடிக்ரி என்று பெயர் நின்றுவிட்டது. 2013-இல் வந்த அடுத்த சட்டத்தில் பரிவர்த்தனைத் தகவல், பரிவர்த்தனை வரலாறு என்று வேறு பெயர்கள் வந்துவிட்டன. வீட்டுப் பத்திரத்தில் தாய்ப்பத்திரம் என்கிறோமே, அது செய்கிற வேலையைத்தான் இது மருந்துக்குச் செய்கிறது. தாய்ப்பத்திரம் என்றே போட்டால் அழகாக இருக்கும், ஆனால் மருந்துக்கடையில் குழப்பம் வரும். "கைமாற்று விவரத்தாள்" போதும். ஓவியங்களுக்கு இதே மாதிரி விவரத்தைப் புராவனன்ஸ் என்பார்கள், அது எங்கே யாரிடம் இருந்தது என்ற வரலாறு, அங்கேயும் இதையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம்.

கல்வி வாக்கியத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் கல்விப் பெடிக்ரி என்றால் பெரும்பாலும் பெயர்பெற்ற கல்லூரிகளின் பட்டியல்தான், அப்படியானால் "பெரிய இடங்களில் படித்தவர்" என்பதே நாம் சொல்கிற மாதிரி. அந்தச் சொல்லில் இருக்கும் லேசான பந்தாவும் "பெரிய இடம்" என்பதில் வந்துவிடும். ஆனால் சிலர் அதை உண்மையாகவே ஆசிரியர் வரிசைக்குச் சொல்வார்கள். கணிதத்தில் யார் யாருடைய மாணவர் என்று நூற்றாண்டுகள் பின்னோக்கித் தொகுத்துவைத்த மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி புராஜெக்ட் என்ற தரவுத்தளமே இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அடுத்த வாக்கியம் என்ன?

அரைப்பக்கம் எழுதியது:

இப்போதுதான் திறந்து பார்த்தேன். அடுத்த வாக்கியம் அவருடைய ஆய்வு வழிகாட்டியைப் பற்றி, அதற்கடுத்தது அந்த வழிகாட்டியின் வழிகாட்டியைப் பற்றி. கல்லூரிப் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஒற்றெழுத்து எழுதியது:

அப்படியென்றால் குருபரம்பரை. "அசத்தலான" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், குருபரம்பரைக்கு முன்னால் அது நிற்காது.

வேர்க்கால் எழுதியது:

ஐந்து இடத்தில் ஒன்றில்கூடக் கால்வழி இல்லையா? சரி, கொடிவழியாவது ஓர் இடத்தில் பிழைத்ததே. மெய்ப்புப் பார்ப்பவர் இந்த முறை என்ன சுழித்தார் என்று வந்து சொல்லுங்கள்.